ஹோவி ரோஸ்மனின் பற்று வரவு

2021 பிப்ரவரி 18, வியாழக்கிழமை. எங்கள் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கார்சன் வென்ட்ஸை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அலுவலகக் கணக்கு ஒன்றை முடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகளுக்கு அப்போது பதினாலு வயது. என் போனை வாங்கி அவளே செய்தியைப் படித்தாள். படித்துவிட்டுக் கேட்டாள்: "வென்ட்ஸ் நம்ம டீம்லயே இல்லைன்னு போட்டிருக்கு. அப்புறம் இந்த வருஷம் நம்ம கணக்குல அவருக்கு 33.8 மில்லியன் டாலர்னும் போட்டிருக்கு. இல்லாத ஆளுக்கு எதுக்குப்பா சம்பளம்?"

நல்ல கேள்வி. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுவதும் அவர்களுக்குச் சம்பளம் பேசுவதும் ஜெனரல் மேனேஜரின் வேலை. அப்படி ஒருவரை எப்படி எடைபோடுவது என்று யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நாங்கள் இருப்பது தெற்கு நியூ ஜெர்சி. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பிலடெல்ஃபியா. 2010-இல் குடும்பத்தோடு இங்கே வந்தோம். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஹோவி ரோஸ்மன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் ஆனார். வயது 34. கல்லூரியில் பந்து விளையாடியவர் இல்லை, ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மாணவனாக இருந்த காலத்திலிருந்தே அணிகளுக்கு வேலை கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதி, 2000-இல் ஈகிள்ஸில் வேலை பழகும் இண்டர்னாகச் சேர்ந்து, ஒப்பந்தக் கணக்கு பார்க்கும் மேஜையிலிருந்து மேலே வந்தவர். என் தொழிலும் கணக்கு எழுதுவது என்பதால் எனக்கு அவர்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு தனி கவனம். மற்றவர்கள் ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்தார்கள். நான் ஒரு நோட்டு போட்டு ஒப்பந்தங்களை எழுதிவர ஆரம்பித்தேன். அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாக வளர்ந்திருக்கிறது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். அன்று அவளுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒவ்வொரு அணிக்கும் ஆண்டுக்கு ஒரு சம்பள உச்சவரம்பு உண்டு. எல்லோரும் சொல்வது கேப். 1994-இல் 34.6 மில்லியன் டாலரில் ஆரம்பித்தது, 2025-இல் 279.2 மில்லியன். அணி முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அந்த ஆண்டுக் கணக்கு இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். ஆனால் கையில் கொடுக்கும் பணமும் கணக்கில் ஏறும் பணமும் ஒன்றல்ல. ஓர் ஆட்டக்காரருக்கு இந்த வருடம் 30 மில்லியன் தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் சம்பளமாகக் கொடுத்தால் கேப்பில் 30 ஏறும். ஒரு மில்லியனைச் சம்பளமாகவும் 29 மில்லியனை போனஸாகவும் கொடுத்தால், அந்த போனஸை ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம். வருடத்துக்கு 5.8. ஆகவே இந்த வருடக் கேப்பில் ஏறுவது 6.8 மட்டும். அவர் கையில் 30 போய்ச் சேர்ந்துவிட்டது. நம் கணக்கில் 23.2 எழுதாமல் மிச்சம். ஒப்பந்தத்தில் அத்தனை வருடம் இல்லையென்றால், அவர் ஆடவே போகாத வெற்று ஆண்டுகளைக் கடைசியில் ஒட்டிவைத்து அதன்மேல் பிரிக்கலாம்.

சரி, இரண்டு வருடம் கழித்து அவரை அனுப்பிவிட்டால்? எழுதாமல் மிச்சம் வைத்த 17.4 மில்லியனும் ஒரே அடியாகக் கணக்கில் வந்து விழும். அதைத்தான் டெட் மணி என்கிறார்கள். "அப்ப இது சம்பளமே இல்லம்மா. எப்பவோ கொடுத்து முடிச்ச பணம். கணக்குல எழுதாம வச்சிருந்தாங்க, இப்ப எழுதறாங்க" என்றேன். தாளைத் திருப்பி இரண்டு முறை பார்த்தாள். "அப்ப தப்பு இன்னைக்கு நடக்கல" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். தப்பு 2019 ஜூனில் நடந்தது. வென்ட்ஸின் முதல் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே, நான்கு வருட நீட்டிப்புக்கு 128 மில்லியன் டாலர், அதில் 107 மில்லியன் உத்தரவாதம் என்று கையெழுத்துப் போட்டார் ரோஸ்மன்.

என் அம்மா எங்கள் ஊர்த் தெருவில் பல வருடம் ஏலச்சீட்டு நடத்தியவர். இருபது பேர், இருபது மாதம். முதல் மாதமே தள்ளி எடுப்பவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அம்மா அப்படிப் பார்க்க மாட்டார். எடுத்த பணத்தை எதில் போட்டார்கள் என்று மட்டும் விசாரிப்பார். ஒருவர் தையல் மெஷின் வாங்கினார்; பதினெட்டாவது மாதத்தில் தவணை கட்டும்போதும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் இந்தச் சீட்டை எடுத்து வேறொரு சீட்டின் பாக்கியைக் கட்டினார். இரண்டு பேரும் செலுத்திய தவணை ஒன்றுதான். கேப் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும். ஒரு ஜெனரல் மேனேஜர் எவ்வளவு கடன் வைத்தார் என்பதைவிட, பாக்கி வந்து சேரும் நாளில் அந்தப் பணத்தை வாங்கியவர் மைதானத்தில் நிற்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு சாதகமும் இருக்கிறது. கேப் வருடா வருடம் ஏறுகிறது. 2014-இல் 133 மில்லியன், 2024-இல் 255.4. அன்றைக்கு 10 மில்லியன் என்றால் கேப்பில் நூற்றுக்கு ஏழரை. பத்து வருடம் கழித்து அதே 10 மில்லியன் நூற்றுக்கு நாலுகூட இல்லை. சம்பளம் ஏற ஏற வீட்டுக்கடன் தவணை லேசாகிக்கொண்டே போவதைப்போல. இதை நன்றாகப் புரிந்துகொண்டு துணிந்து நடந்தவர் ரோஸ்மன். ஆனால் அதற்கு முதலாளியின் பை திறந்திருக்க வேண்டும். போனஸ் என்றால் ரொக்கம், இன்றைக்கே கொடுக்க வேண்டும். ஈகிள்ஸின் முதலாளி ஜெஃப்ரி லூரி அப்படிக் கொடுக்கச் சம்மதிக்கிறார். ரோஸ்மனைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆரம்ப வருடங்கள் நன்றாக இல்லை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைமுறையில் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; அந்த வரிசை இடங்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். 2010 டிராஃப்டில் அவருடைய முதல் சுற்றுத் தேர்வு பிராண்டன் கிரஹாம், 13-ஆவது இடம். அடுத்த இடத்தில் சியாட்டில் எடுத்தது எர்ல் தாமஸை. தாமஸ் உடனே பெரிய ஆளானார். கிரஹாமுக்கு முழங்கால் போயிற்று. வருடக்கணக்கில் இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லியே ரோஸ்மனைத் திட்டினார்கள். 2011-இல் நாம்டி அசோமுகாவுக்கு ஐந்து வருடம் 60 மில்லியன் என்று கொடுத்து, ஒப்பந்தம் முடிந்தவர்கள் விலைபோகும் வெளிச்சந்தையில் இன்னும் பலரையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். புதிதாக வந்த வின்ஸ் யங் அதை 'ட்ரீம் டீம்' என்று அழைக்க, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த அணி 8-8, எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. அடுத்த வருடம் 4-12, கோச் ஆண்டி ரீட் வெளியே. அந்தக் காலத்தில் கடைசிச் சொல் ரீடுடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இருந்தாலும் அந்த அனுபவம் ரோஸ்மனிடம் தங்கிவிட்டது என்று நான் நம்புகிறேன். வெளிச்சந்தையில் பெயருக்குப் பணம் கொடுப்பதை அதற்குப் பிறகு அவர் வெகுவாகக் குறைத்தார்.

2015 ஜனவரியில் அவர் கையிலிருந்து அதிகாரத்தைப் பிடுங்கி கோச் சிப் கெல்லியிடம் கொடுத்தார்கள். பதவிப் பெயர் பெரிதாயிற்று, ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் வேலை போயிற்று. கெல்லி அந்த ஒரே வருடத்தில் லெஷான் மெக்காயைப் பஃபலோவுக்கு அனுப்பினார், டிமார்கோ முர்ரேவுக்கு 40 மில்லியன், பைரன் மேக்ஸ்வெல்லுக்கு 63 மில்லியன் என்று எழுதினார். டிசம்பர் முடிவதற்குள் கெல்லியும் போனார்.

திரும்பி வந்த ரோஸ்மன் முதலில் செய்த காரியம்தான் அவரைப் பற்றி எனக்கு ஒரு முடிவைக் கொடுத்தது. முர்ரேவையும் மேக்ஸ்வெல்லையும் இன்னும் ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. முர்ரே டென்னஸிக்கு. மேக்ஸ்வெல்லும் கிகோ அலோன்ஸோவும் மயாமிக்கு. கூடவே அந்த வருட டிராஃப்டின் 13-ஆவது தேர்வைக் கொடுத்து 8-ஆவதை வாங்கினார். அந்த எட்டோடு எதிர்காலத் தேர்வுகள் சிலவற்றையும் சேர்த்து கிளீவ்லாந்திடம் கொடுத்து இரண்டாம் இடத்துக்கு ஏறி வென்ட்ஸை எடுத்தார். அந்த ஆகஸ்ட் கடைசியில் மினசோட்டாவின் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டருக்குப் பயிற்சியில் முழங்கால் உடைந்தது. நாலே நாளில் சாம் பிராட்ஃபோர்டை அவர்களுக்குக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வு ஒன்றும், பின்னால் நாலாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் வாங்கிவிட்டார். சீசன் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. தன் முதல் குவார்ட்டர்பேக்கை அப்படிக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும். அந்த முதல் சுற்றுத் தேர்வுதான் டெரிக் பார்னெட். நாலாம் சுற்று ஜாஷ் ஸ்வெட்.

2018 பிப்ரவரி 4, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம். எதிரணி பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையில் பந்து. எட்டு வருடம் வீண் தேர்வு என்று திட்டு வாங்கிய கிரஹாம் உள்ளே புகுந்து அந்தக் கையில் தட்டினார். பந்து தரையில் ஒருமுறை எம்பி நேராக பார்னெட்டின் கைக்கு வந்தது. ஈகிள்ஸ் 41, பேட்ரியட்ஸ் 33. ஈகிள்ஸின் முதல் சூப்பர் பௌல் வெற்றி. நான் அன்று அழுதேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பனியில் வெறுங்காலோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அதற்கு முன்னால் எட்டு வருடத்தில் நாங்கள் பேசியது குப்பைத் தொட்டி வைக்கும் கிழமை பற்றி மட்டும்தான்.

ஆனால் கோப்பை வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒருவருடைய எல்லாத் தேர்வுகளும் சரியாகிவிடாது. 2019-இல் ஜே.ஜே. ஆர்செகா-வைட்சைடை எடுத்தார், டி.கே. மெட்காஃப் ஏழு இடம் கழித்துப் போனார். 2020-இல் 21-ஆவது இடத்தில் ஜேலன் ரேகர். 22-ஆவது இடத்தில் மினசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வரவில்லை, சொல்லவும் கூடாது. அடுத்தடுத்து இரண்டு வருடம் ஒரே இடத்துக்கு, வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர் இடத்துக்கு, தவறான ஆள். அது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ரிசீவரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் அவர்கள் அலுவலகத்திலேயே ஏதோ கோளாறு இருந்திருக்கிறது.

வென்ட்ஸ் விஷயம் வேறு வகை. எனக்கு அது மிகவும் கற்றுக்கொடுத்தது. ஆட்டக்காரரின் விலை ஏறுவதற்கு முன்பே நீண்ட ஒப்பந்தம் போட்டுவிடுவது ஈகிள்ஸின் பழைய வழக்கம். ஜோ பேனர் தலைவராக இருந்த காலத்திலிருந்து வருவது. ரோஸ்மன் அவரிடம் வேலை கற்றவர். இந்த வழக்கம்தான் பெரும்பாலும் அணியைக் காப்பாற்றியிருக்கிறது. ஜோர்டன் மைலாட்டாவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர், அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். 2018 டிராஃப்டில் ஏழாம் சுற்று, 233-ஆவது ஆள். லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் அவரை உட்காரவைத்து, நிற்கவைத்து, அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்தார். 2021 செப்டம்பரில், முழுநேர ஆட்டக்காரராக அதிகம் ஆடியிராத நிலையிலேயே, நான்கு வருடம் 64 மில்லியன். கேட்டவர்கள் புருவம் உயர்த்தினார்கள். இரண்டு வருடத்தில் அது அடிமாட்டு விலையாகிவிட்டது. டெவான்டா ஸ்மித்துக்கு 2024 ஏப்ரலில் மூன்று வருடம் 75 மில்லியன், ஆண்டுக்கு 25. இரண்டு மாதம் கழித்து ஜெஃபர்சன் 35 வாங்கினார். 2025-இல் ஜமார் சேஸ் 40-ஐத் தாண்டினார்.

இதே வழக்கம்தான் வென்ட்ஸிடம் கையைச் சுட்டது. முந்திக் கொடுத்தால் நல்ல ஆள் மலிவாகக் கிடைப்பார். அதே போல, ஆள் சரியப்போவது தெரிவதற்கு முன்பே கையெழுத்தும் போட்டுவிடுவோம். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மைலாட்டாவுக்குப் பாராட்டு, வென்ட்ஸுக்கு வசவு என்று தனித்தனியாக மதிப்பெண் போடுவதை நான் ஏற்பதில்லை. ஒரே பழக்கத்தின் வரவும் பற்றும் அவை. பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

2020 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், 53-ஆவது இடத்தில், ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தபோது ஊரே கொதித்தது. 128 மில்லியன் கொடுத்த ஆள் இருக்கும்போது எதற்கு இன்னொருவர்? அந்த சீசனில் வென்ட்ஸ் 50 முறை சாக் ஆனார் (பந்தோடு வீழ்த்தப்பட்டார்), 15 இண்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பந்துகள்), டிசம்பரில் பெஞ்சுக்குப் போனார். அணி 4-11-1, கடைசி எண் சமனான ஆட்டம். கோச் டக் பீடர்சனை அனுப்பினார்கள். அப்புறம் அந்தப் பிப்ரவரி. 33.8 மில்லியன் டெட் மணி. அதுவரை லீகில் யாரும் ஒரே ஆளுக்கு அவ்வளவு எழுதியதில்லை. அதுவும் பெருந்தொற்றால் கேப்பே 198.2-இலிருந்து 182.5-க்கு விழுந்திருந்த வருடம். மொத்தக் கேப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஆளே இல்லாத இடத்துக்கு.

பல ஜெனரல் மேனேஜர்கள் இந்த இடத்தில் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருப்பார்கள். தள்ளிப்போடுவதற்குக் காரணமும் நன்றாகவே சொல்லலாம்: கோச் மாறியிருக்கிறார், வென்ட்ஸ் திரும்பி வரக்கூடும், கேப் அடுத்த வருடம் ஏறும். ரோஸ்மன் மொத்தத்தையும் அந்த ஒரே வருடத்தில் எழுதித் தீர்த்தார். இரண்டாம் சுற்றுக்காரரான ஹர்ட்ஸுக்கு நாலு வருடத்துக்கும் சேர்த்தே 6 மில்லியன் அளவுதான் என்பதால் அந்தப் பள்ளம் தாங்கியது. புதுக் கோச் நிக் சிரியானியோடு அணி 9-8 என்று சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் ஆட்டங்களான பிளேஆஃபுக்கும் போனது.

இனி சொல்லப்போவதுதான் என் நோட்டில் நான் அதிகம் திருப்பிப் பார்க்கும் பக்கம். வென்ட்ஸுக்காக கோல்ட்ஸ் கொடுத்தது ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும், நிபந்தனையோடு ஓர் இரண்டாம் சுற்றும். வென்ட்ஸ் அங்கே போதிய அளவு ஆடியதால் அது 2022-இன் முதல் சுற்றாக மாறியது, 16-ஆவது இடம். அந்த ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் வந்து கதவைத் தட்டியது. ரோஸ்மன் 16-ஐயும், 19-ஐயும், ஆறாம் சுற்று ஒன்றையும் கொடுத்தார். பதிலுக்கு வாங்கியது 18, 101, ஏழாம் சுற்று ஒன்று, 2023-இன் முதல் சுற்று, 2024-இன் இரண்டாம் சுற்று. டிராஃப்ட் இரவில் அந்த 18-ஐயும் 101-ஐயும் டென்னஸியிடம் கொடுத்து ஏ.ஜே. பிரௌனைக் கொண்டுவந்தார், நான்கு வருடம் 100 மில்லியன் ஒப்பந்தத்தோடு. ரேகர் விட்டுப்போன பள்ளத்தை இப்படித்தான் அடைத்தார். 2023-இன் அந்த முதல் சுற்று 10-ஆவது இடமாக வந்து விழுந்தது. ஓர் இடம் ஏறி ஜேலன் கார்ட்டர். 2024-இன் அந்த இரண்டாம் சுற்று 50-ஆவது இடம். அதையும் தன்னுடைய 53-ஐயும் வாஷிங்டனிடம் கொடுத்து 40-க்கு ஏறி கூப்பர் டிஜீன்.

செயிண்ட்ஸ் ஏன் அப்படிக் கொடுத்தது? அங்கே 2002-இலிருந்து ஜெனரல் மேனேஜர் மிக்கி லூமிஸ். போனஸைப் பிரிப்பது, வெற்று ஆண்டு ஒட்டுவது எல்லாவற்றிலும் அவர் கரைகண்டவர். ரோஸ்மன் கையாளும் ஒவ்வொரு கருவியும் அவரிடமும் உண்டு. ட்ரூ பிரீஸ் ஆடிய காலத்தில் அது நியாயமாகவும் இருந்தது. அப்படி ஒரு குவார்ட்டர்பேக் இருக்கும்போது நாளைக்கு என்று எதையும் எடுத்துவைக்கக் கூடாதுதான். பிரீஸ் 2021-இல் ஓய்வு பெற்றார். பாக்கி நின்றது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் பல பத்து மில்லியன் வரம்பு தாண்டிய நிலையில் தொடங்கி, வயதான ஆட்டக்காரர்களின் சம்பளத்தை மறுபடி போனஸாக்கி மறுபடி தள்ளினார்கள். 2022-இல் இரண்டு முதல் சுற்று வேண்டும், இந்த வருடமே ஜெயிக்க வேண்டும் என்று வந்தார்கள். எடுத்தது கிறிஸ் ஒலாவேயும் ட்ரெவர் பென்னிங்கும். ஒலாவே நல்ல ரிசீவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அணி 7-10, அதனால்தான் ஈகிள்ஸுக்கு 10-ஆவது இடம் கிடைத்தது. 2023-இல் டெரிக் காருக்கு 150 மில்லியன் ஒப்பந்தம். 2025 மே மாதம் அவரும் தோள்வலியோடு ஓய்வை அறிவித்தார். சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டிய அந்த மனிதரின் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்தைத் தாண்டினால் போதும் என்று இருந்தவர்.

2023 சீசனில் ஈகிள்ஸ் 10-1 என்று ஓடி, கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று, பிளேஆஃபில் டாம்பாவிடம் 32-9 என்று சுருண்டது. மார்ச்சில் ஜேசன் கெல்ஸியும் ஃபிளெட்சர் காக்ஸும் ஓய்வு. ரோஸ்மன் காலம் முடிந்தது என்று எழுதினார்கள். அதற்குப் பிந்தைய ஒரு மாதத்தில் அவர் செய்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ரன்னிங் பேக்குக்கு, அதாவது பந்தை ஏந்தி ஓடுபவருக்கு, பணம் கொடுக்காதே என்பது கேப் கணக்குப் பார்க்கிறவர்களின் முதல் பாடம்; ஜயண்ட்ஸ் விட்ட சாக்வன் பார்க்லிக்கு மூன்று வருடம் 37.75 மில்லியன் கொடுத்தார். சந்தையே ரன்னிங் பேக்குகளை மட்டம்தட்டி வைத்திருந்ததால் அந்த விலை, ஒரு சுமாரான ரிசீவரின் விலை. பார்க்லி அந்த சீசனில் 2005 யார்ட் ஓடினார். ஸாக் பான் என்ற மாற்று ஆட்டக்காரருக்கு ஒரு வருடம் 3.5 மில்லியன், தடுப்பாட்டக் கோச் விக் ஃபாஞ்சியோ அவரை லைன்பேக்கராக (தடுப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவராக) நிறுத்தினார், பான் லீகின் முதல் வரிசைக்குப் போனார். பானை 2020-இல் டிராஃப்ட் செய்து வளர்த்துப் பின் விட்டது எந்த அணி? அதே செயிண்ட்ஸ்தான். மூன்றாவது பிரைஸ் ஹஃப். மூன்று வருடம் 51 மில்லியன், அந்த வசந்தத்தின் பெரிய செலவு. எடுபடவில்லை. சூப்பர் பௌலில் அவரை ஆட்டத்துக்கே சேர்க்கவில்லை. அடுத்த ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, பெரிய தொகை போட்ட இடத்தில் நஷ்டம், சின்னத் தொகை போட்ட இடத்தில் லாபம். நஷ்டத்தை அடுத்த கோடைக்குள் ஒப்புக்கொண்டதையும் சேர்த்தே எழுதிவைத்தேன்.

2025 பிப்ரவரி 9. சூப்பர் பௌல் நடந்த இடம் நியூ ஆர்லியன்ஸ், செயிண்ட்ஸின் சொந்த மைதானமான சூப்பர்டோம். எதிரே கான்சஸ் சிட்டி. மகள் அப்போது கல்லூரிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் கால்பகுதியில் டிஜீன் எதிரணிக் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் பந்தைப் பிடித்து டச்டவுனுக்கு ஓடினார். அன்று அவருக்கு 22-ஆவது பிறந்தநாள். "செயிண்ட்ஸ் பிக்" என்றாள் மகள். கொஞ்ச நேரத்தில் பான் ஒரு பந்தைப் பிடித்தார். "செயிண்ட்ஸ் ஆளு." அடுத்த சில நொடிகளில் பிரௌனுக்கு டச்டவுன். "மறுபடியும் செயிண்ட்ஸ் பிக்." இடைவேளையில் 24-0. மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள், ஒருமுறைகூட பிளிட்ஸ் செய்யாமல், அதாவது கூடுதல் ஆட்களை உள்ளே அனுப்பாமல். முன்வரிசை நாலு பேரே போதுமாக இருந்தது. கார்ட்டர் நடுவில் இடித்துக்கொண்டே இருக்க, வெளியிலிருந்து வந்து இரண்டரை சாக் எடுத்தவர் ஸ்வெட். 2016-இல் பிராட்ஃபோர்டை விற்ற பணம் அது. 40-22.

மார்ச்சில் ஸ்வெட் அரிசோனாவுக்குப் போனார், 76.4 மில்லியன். தடுப்பின் முன்வரிசையில் ஆடிய மில்டன் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்கு, 104 மில்லியன். இரண்டு பேரையும் ரோஸ்மன் தடுக்கவில்லை. பானுக்கு மட்டும் மூன்று வருடம் 51 மில்லியன் எழுதினார். போனவர்களுக்கு ஈடாக அடுத்த டிராஃப்டில் லீக் கூடுதல் தேர்வுகள் தரும். அதை எண்ணித்தான் விட்டார். எனக்கு வில்லியம்ஸை விட்டதில் வருத்தம்தான். அப்படி உள்ளேயிருந்து இடிக்கும் ஆட்டக்காரர் அடிக்கடி கிடைப்பதில்லை.

என் நோட்டில் கூட்டல் போடாமல் வைத்திருக்கும் பக்கம் ஒன்றுண்டு. ஹர்ட்ஸின் பக்கம். 2023 ஏப்ரலில் ஐந்து வருடம் 255 மில்லியன். ஆண்டுக்கு 51 மில்லியன் வாங்கும் குவார்ட்டர்பேக் 2023-இல் கேப்பில் ஏறியது சுமார் 6 மில்லியன், 2024-இல் 13-க்குச் சற்று மேல். பார்க்லியும் பிரௌனும் ஸ்மித்தும் மைலாட்டாவும் ஒரே அணியில் நிற்க முடிந்தது இதனால்தான். மிச்சமெல்லாம் 2028 வரையும், அதற்கப்பால் ஒட்டிவைத்த வெற்று ஆண்டுகள் வரையும் நீண்டு கிடக்கிறது. ஹர்ட்ஸின் கால்கள் அதுவரை தாங்குமா, அல்லது 33.8 எல்லாம் சின்னத் தொகை என்று தோன்றும்படி ஒரு பிப்ரவரி வருமா என்பதுதான் ரோஸ்மனின் பெரிய கணக்கு. கோப்பை வந்துவிட்டதால் இந்தக் கடன் அடைபட்டுவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கோப்பை ஏற்கெனவே வரவில் ஏறிவிட்டது; பற்றுப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.

கோடையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து, 2029 என்று நான் எழுதியிருந்த வரிக்கு நேராகப் பென்சிலால் ஏதோ குறித்துவிட்டுப் போனாள். அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். ஹர்ட்ஸ் வயது 31, என் வயது 22, அப்பாவுக்குப் போன் பண்ணணும் என்று இருந்தது.